பதினொரு மணிக் காலை உணவு

ஜூன் 2, திங்கள்

போர்டு மாட்டியாகிவிட்டது. ‘மங்கை இல்லம். தங்குமிடம், காலை உணவுடன்.’ பெயிண்டர் ‘உணவுடன்’ என்பதை மட்டும் சிவப்பில் எழுதிவிட்டார், ஏதோ ஆபத்து என்பது போல. குகன் அதையும் படம் எடுத்து நெட்டில் போட்டுவிட்டான்.

இதெல்லாம் அவன் யோசனைதான். என் மகன். ராமநாதபுரத்தில் பைக் ஷோரூமில் வேலை. நண்பர்களோடு கொடைக்கானல் போனபோது இப்படி ஒரு வீட்டில் தங்கினார்களாம். காலையில் அந்த வீட்டம்மாவே டிபன் செய்து பரிமாறினார்களாம். வந்ததும் ஆரம்பித்துவிட்டான். “ராமேஸ்வரத்துல லாட்ஜுக்கா பஞ்சம்? ஆனா எவன்ம்மா காலையில சுடச்சுட இட்லி குடுக்கிறான்? அங்கதான் நாம நிக்கிறோம்.”

மாடியில் இரண்டு அறை, கீழே ஒன்று. மாடி குகனுடைய அப்பா கட்டியது. கப்பலில் சமையல்காரர். ஒவ்வொரு லீவுக்கும் ஒரு சுவர் எழும்பும். குகனுக்குக் கல்யாணமானால் மாடி அவனுக்கு என்பார். அதை ஊரார் தங்க விட்டிருப்பதைப் பார்த்தால் கத்துவார். வந்து கத்தட்டும்.

யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எதில் குறை சொன்னார்கள் என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறான் குகன். அதற்காகத்தான் இந்த டைரி. மளிகைக் கடைக்காரர் கொடுத்தது. முதல் பக்கத்தில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே கடைக்காரர் படமும் இருக்கிறது, அதே அளவில்.

ஜூன் 7, சனி

முதல் விருந்தாளிகள். சேலத்துக்காரர்கள், ஆறு பேர். நேற்று சாயங்காலமே வந்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள். செருப்பை வரிசையாக விட்டார்கள்.

விடியற்காலையிலேயே எழுந்து இட்லி ஊற்றி, வெண்பொங்கல் வைத்து, வடை தட்டி, மூன்று சட்னி அரைத்து, வாழை இலை நறுக்கி வைத்துக்கொண்டு மாடிப்படியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் வேட்டி துண்டோடு இறங்கி வந்தார்கள். வாங்க, உட்காருங்க என்றேன். பெரியவர் தயங்கினார்.

“அப்பாவுக்குத் திதி கொடுக்க வந்திருக்கறோம்மா. கொடுத்து முடிக்கற வரைக்கும் பச்சைத் தண்ணிதான்.”

அக்னி தீர்த்தத்தில் திதி, அப்புறம் கோவிலுக்குள் இருபத்திரண்டு கிணற்றுத் தீர்த்தம், ஈரத்தோடு வந்து மாற்றிக்கொண்டு தரிசனம். திரும்பி வரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கட்டியிருந்த பெட்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இட்லி பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போனது. வடையை நானே மூன்று வேளையும் தின்றேன்.

குகனுக்குப் போன் செய்தேன். விழுந்து விழுந்து சிரித்தான். “ஏம்மா, இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்த ரெண்டு பேரும் இதை யோசிக்கலையேம்மா!”

நானும் சிரித்தேன். இந்த ஊருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எதற்கு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தப் பக்கம் நினைப்பு போவதில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 9, திங்கள்

வைத்தா வாத்தியார்தான் வழி சொன்னார். கடற்கரையில் திதி செய்துவைக்கிறவர். “பதினோரு மணிக்கு மேல டிபனைப் போடுங்கோ. வெங்காயம் பூண்டு கூடாது. காலங்கார்த்தால வெந்நீர் மட்டும் குடுங்கோ. நானே ஆளை அனுப்பறேன்.”

குகன் நெட்டில் மாற்றிவிட்டான். ‘காலை உணவு பதினொரு மணிக்கு.’ உலகத்தில் எங்கேயும் இப்படி ஒரு ஓட்டல் இருக்காது.

ஜூன் 16, திங்கள்

எட்டுப் பேர். பொங்கல் நன்றாக வந்தது. கீழ் அறைக் குழாய் ஒழுகுகிறது. மாடியில் ஒரு பெண் குளித்துவிட்டு வந்து, இலை முன்னால் உட்கார்ந்து, ஒரு வாய் வைத்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். இன்னொரு கரண்டி போட்டேன். வேறு என்ன செய்வது?

ஜூன் 25, புதன்

அமாவாசை. மூன்று அறையும் நிறைந்துவிட்டது. குகன் லீவு போட்டுவிட்டு நேற்றே வந்துவிட்டான். போர்டு மாட்டுவதற்கு முன்பிருந்தே ஒவ்வொரு அமாவாசைக்கும் இப்படித்தான் வருகிறான். இப்போது வருகிறவர்களுக்குக் கரை வரை பையும் தூக்குகிறான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?

காலையில் வாசலில் கோலம் போட்டிருந்தேன். திருச்சியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் கீழே வந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

“அமாவாசைக்குத் திதி கொடுக்கற வீட்ல வாசல்ல கோலம் போடுவாங்களா? வர்றவங்க எப்படிம்மா உள்ள வருவாங்க?”

வர்றவங்க என்றால் இறந்தவர்கள். நான் கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. “திதி குடுக்கிறது நீங்க. வீடு என் வீடு. இந்த வீட்ல யாரும் போகல” என்றேன்.

அந்த அம்மாள் என் நெற்றியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். “உங்க வீட்டுக்காரர்?”

“கப்பல்ல இருக்காக.”

குகன் பின்னாலேயே நின்றிருந்தான். அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்த அம்மாள் கோலத்தை மிதிக்காமல் ஓரமாகப் போனார். அதுவரை சந்தோஷம்.

ஜூன் 26, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்தேன். பொய் சொல்கிறவள் போல எழுதியிருக்கிறேன். குகன் படித்தாலும் படிப்பான். அதனால் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

ஐந்து வருடம் முன்னால் புயலில் அவருடைய கப்பல் கவிழ்ந்தது. சிலரைக் காப்பாற்றினார்கள். சிலர் உடலாகக் கிடைத்தார்கள். நான்கு பேர் கிடைக்கவில்லை. அவர் அந்த நான்கு பேரில் ஒருவர். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். அதற்கு வேறு அர்த்தம் சொல்கிறவர்களோடு நான் பேசுவதில்லை. அவருடைய கூடப்பிறந்த அக்காவோடும் பேசுவதில்லை.

உயிரோடு இருக்கிறவருக்குத் திதி கொடுத்தால் அவர் ஆயுளை நாமே அறுத்த மாதிரி. இதை நான் சொல்லவில்லை, எல்லோரும் சொல்வதுதான்.

ஜூலை 8, செவ்வாய்

கோவில்பட்டியிலிருந்து ஒருவர் தனியாக வந்திருக்கிறார். செல்லையா. தீப்பெட்டி ஆபீசில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள்தான் தங்குவாராம். மாடி அறை கொடுத்தேன். ஒரு சின்னப் பை. அதையும் தோளிலிருந்து இறக்கவே மாட்டேன் என்கிறார்.

ஜூலை 9, புதன்

காலையில் எட்டு மணிக்குக் கீழே வந்து, “டிபன் ஆச்சா தாயி?” என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. கடை ஆரம்பித்து முதல் தடவையாக ஒருவர் காலையில் காலை உணவு கேட்கிறார்! எனக்கென்று வைத்திருந்த மாவில் இட்லி ஊற்றினேன். ஆறு இட்லி சாப்பிட்டார். தக்காளிச் சட்னியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு மாடிக்குப் போனவர் நாள் முழுக்க வெளியே வரவில்லை. இன்னும் ஒரு நாள் தங்குகிறாராம். தாராளமாக.

ஜூலை 10, வியாழன்

இன்றும் எட்டு மணிக்கு வந்தார். பூரி. நாலு போட்டேன், இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டார். மற்ற அறைக்காரர்கள் பட்டினியோடு ஈர வேட்டியில் போய்க்கொண்டிருந்தார்கள். இவர் உருளைக்கிழங்கு மசாலாவை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சமைக்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மத்தியானம் அவர் மகள் என் நம்பருக்குக் கூப்பிட்டாள். “அப்பா திதி குடுத்துட்டாங்களாக்கா?”

“எதுக்குத் திதி? அவரு தினமும் காலையிலேயே நல்லாச் சாப்பிட்டுர்றாரே” என்றேன்.

அந்தப் பெண் அந்தப் பக்கம் அழுதாள். அவள் தம்பி கோயம்புத்தூரில் வேலை பார்த்தவன். காய்ச்சலில் போய் ஒரு வருடமாகிறது. கல்யாணம் ஆகவில்லை, அதனால் அப்பாதான் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் காபி கொண்டுபோனபோது கேட்டுவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். “வயித்துல சோறு விழுந்துட்டா அன்னைக்குக் குடுக்க முடியாதுல்லா தாயி. அதுக்காவத்தான் சாப்பிடுதேன்.”

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இந்த ஊரில் இப்படி ஒருவராவது இருக்கிறாரே! எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்க, நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 12, சனி

நேற்று அடை. இன்று நெய் தாராளமாக விட்டுப் பொங்கல் வைத்து, எட்டு மணிக்குக் காத்திருந்தேன். வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னைக்கு வேண்டாம் தாயி.”

“ஏன்? நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. அதான் சங்கடம்.” தட்டையே பார்த்தார். “நான் பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்கேன். அவன் எத்தன நாளைக்குப் பட்டினி கெடப்பான், சொல்லு.”

நான் தட்டோடு கீழே வந்துவிட்டேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நெய் விட்ட பொங்கலை அப்படியே விட்டுவிட்டுப் போகிறாரே என்றுதான் கோபம். பதினொரு மணிக்கு அவர் ஈரத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தபோது, ஆறிப்போனதைச் சூடு பண்ணக்கூட எனக்குத் தோன்றவில்லை. அப்படியே வைத்தேன். அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, பேருந்துக்குப் போய்விட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

அவர் கப்பலில் இருபது பேருக்கு மேல் சமைப்பார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியாகத்தான் உட்காருவாராம். லீவில் வந்தாலும் அதே பழக்கம். எனக்கும் குகனுக்கும் போட்டுவிட்டு நின்றுகொண்டே இருப்பார்.

இன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவுதான். வேறு ஒன்றுமில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. ஊரே கொள்ளவில்லை. கூடத்தில்கூடப் பாய் விரித்துக் கொடுத்தோம். குகன் விடியும் முன்பே ஆட்களை அழைத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டான்.

கீழ் அறைப் பெரியவர் இன்ஹேலரை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். அமாவாசையன்று கடற்கரைப் பக்கம் நான் போவதே இல்லை. இன்று வேறு வழியில்லை. கரை முழுக்கத் தலை. தண்ணீரில் நிற்கிறவர்கள், மணலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்கள். பெரியவரைத் தேடிக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன். வைத்தா வாத்தியாரின் வரிசையில் கடைசி ஆளாகக் குகன் உட்கார்ந்திருந்தான். சட்டை இல்லை. விரலில் தர்ப்பை மோதிரம். உள்ளங்கையில் எள்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். வாத்தியார் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். கோத்திரம் சொல்லுங்கோ, அப்பா பேர் சொல்லுங்கோ. ஒவ்வொருவரும் சொன்னார்கள். குகனிடம் வந்து நின்றார். கேட்டார். குகன் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்சம் நின்று பார்த்தார். அப்புறம் அவன் தோளில் தட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். குகன் கையிலிருந்த எள்ளைக் காகிதத்தில் திரும்பக் கொட்டிவிட்டு எழுந்து போனான்.

பத்தரை மணிவாக்கில் வாத்தியார், திதி கொடுத்த ஒருவரைத் தேடி வீட்டுக்கு வந்தார். நான் விடவில்லை. எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டேன்.

“ரெண்டு வருஷமா அமாவாசைக்கு அமாவாசை வரான். ‘என்னையும் வரிசையில உக்காத்தி வைங்கோ’ம்பான். அப்பா பேர் கேட்டா வாயைத் திறக்க மாட்டான். ‘அப்பா இருக்கார்னு அம்மா சொல்றா. நான் பேரைச் சொன்னா நானே கொன்ன மாதிரி ஆயிடும் மாமா’ன்னான் ஒருநாள்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உடம்பு கிடைக்காதவாளுக்குத் தர்ப்பையில உருவம் பண்ணிக் காரியம் செய்யணும். முறை இருக்கு. ஆனா அது நீங்க சொல்லாம நடக்காது.”

நான் போய் இலை போட்டேன். பதினொரு மணி தாண்டிவிட்டது, கூடம் நிறைய ஆட்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஜூலை 25, வெள்ளி

குகனோடு பேசவில்லை. அவன் ராமநாதபுரம் கிளம்பும்போது, “போயிட்டு வரேம்மா” என்றான். வாசல் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

போர்வைகள் பதினாறு துவைத்தேன். மாடி அறையில் மூட்டைப்பூச்சி. மருந்தடித்துப் பூட்டியிருக்கிறேன். நெட்டில் யாரோ ‘அம்மா முகத்தில் சிரிப்பே இல்லை, சாம்பார் பிரமாதம்’ என்று எழுதியிருக்கிறார்களாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அமாவாசை. குகன் வரவில்லை. வேலை அதிகமாம். நானே பைகளைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போகிற வழியில் பாதி தூரம் வரை போய் விட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

குகன் வந்தான். இளைத்திருக்கிறான். அவனுக்குப் பிடித்த மாவுருண்டைக் குழம்பு வைத்தேன். பாதி சாப்பாட்டில் சொன்னான்.

“பரமக்குடில ஒரு பொண்ணு. ஷோரூம்ல கணக்கு பார்க்குது. அவங்க வீட்ல வந்து பார்த்தாங்கம்மா.”

என்னிடம் சொல்லவே இல்லையே என்றேன்.

“சொல்ற அளவுக்கு வரலைம்மா. அந்தப் பொண்ணோட அப்பா கேட்டாரு, ‘உங்க அப்பா இருக்காரா, இல்லையா?’ நான் பேசாம நின்னேன். மறுபடி கேட்டாரு. எனக்கு எதைச் சொல்றதுன்னே தெரியலம்மா. எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

நான் ரசம் ஊற்றினேன். அவன் கையை எடுத்துவிட்டான்.

“எனக்கு அப்பா வேணாமா, சொல்லு? உன்னை மாதிரியே நானும் தினமும் வாசலைப் பார்த்தேன். இப்ப வேற மாதிரி இருக்கும்மா. அவரு தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு நம்மளைப் பார்க்கிறாரு. நாம ஊருக்கெல்லாம் சோறு போட்டுக்கிட்டு அவரைக் கண்டுக்காம இருக்கோம். என்னால சாப்பிட முடியலம்மா.”

பாவி, அழுதுகொண்டே சொல்லியிருந்தால்கூட அதட்டியிருப்பேன். அவன் அழவில்லை. ஐந்து வருடமாக என் ஒருத்தி வயிற்றில்தான் நெருப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையை நான் இத்தனை நாள் வரிசையில் வெறுங்கையோடு உட்கார வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 3, புதன்

மகாளய அமாவாசைக்கு அறை கேட்டு இப்போதே போன் வருகிறது. இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். குகன் நெட்டிலும் மூடிவிட்டான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. வாத்தியாரிடம் மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 20, சனி

வீடு காலி. போர்டுக்கு மேல் பழைய துண்டைப் போட்டு மூடிவிட்டேன். வாத்தியார் வந்து சொல்லிவிட்டுப் போனார். நாளைக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும், தெற்கே தள்ளி ஒரு இடம் வைத்திருக்கிறாராம். பச்சரிசி, எள், புது வேட்டி. வேட்டி வாங்கப் போனேன். கடைக்காரர் யாருக்கு, என்ன அளவு என்றார். எட்டு முழம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு எட்டு முழம்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தர்ப்பையைக் கத்தை கத்தையாக எடுத்து வாத்தியார் உருவம் செய்தார். தலை, கை, கால். ஒரு முழம்கூட இல்லை. எட்டு முழ வேட்டியைக் கிழித்து ஓரத்தை மட்டும் அதற்குச் சுற்றினார். இவ்வளவு சின்னதாகவா என்று எனக்குத் தோன்றியது. வாட்டசாட்டமான மனிதர் அவர். வாசல் நிலை இடிக்கும்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், நாளைக்குக்கூட வந்துவிடுவார் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. குகன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து என்னைப் பார்த்தான். அவன் கையில் எள்.

“பேர் சொல்லுங்கோ” என்றார் வாத்தியார்.

குகன் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிவந்த நாளிலிருந்து அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. கப்பல் ஆபீசிலிருந்து போன் வந்த அன்றுகூட, ‘குகனோட அப்பா, குகனோட அப்பா’ என்றுதான் கத்தினேன்.

“நாகநாதன்” என்றேன்.

வாத்தியார் காதருகில் கை வைத்தார். “அலை சத்தத்துல கேக்கலை. உரக்கச் சொல்லுங்கோம்மா.”

ஒரு தடவை சொல்லவே உயிர் போயிருந்தது. எழுந்து நின்றேன். கடலைப் பார்த்துக்கொண்டு, வயிற்றிலிருந்து கூப்பிட்டேன்.

“நாகநாதன்!”

குகன் அதைத் திருப்பிச் சொன்னான். கையைச் சாய்த்தான். எள்ளும் தண்ணீரும் அவன் விரல் வழியாக இறங்கின.

பிறகு நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். மாரில் அடித்துக்கொண்டு, ஐந்து வருடத்துக்கும் சேர்த்து, ஊர் கேட்கட்டும் என்று அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெண் மட்டும் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.